முப்பத்தாறில் இருபத்தேழு

குகட்பள்ளியிலிருந்து செகந்திராபாத் போகும் பேருந்து. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆனாலும் நல்ல கூட்டம். ஹைதராபாத் நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு முன்பக்கம், ஆண்களுக்குப் பின்பக்கம். என் மனைவி கோமதி முன்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கூடை கொய்யாப்பழமும் யாருடைய கல்யாணத்துக்கோ போகும் ஒரு குடும்பமும் இருந்தன.

கண்டக்டர் என்னிடம் டிக்கெட் கேட்டார். முன்னால் மனைவி எடுத்திருப்பாள் என்று கை காட்டினேன்.

அவர் என்னை நம்பவில்லை. பேருந்து முழுக்கக் கேட்கும்படி கூவினார். "அம்மா, வெனகால சார் மீவாள்ளேனா?" பின்னால் நிற்கிற சார் உங்கள் மனிதர்தானா என்று கேட்கிறார்.

கோமதி திரும்பவில்லை. "காது" என்றாள்.

அல்ல என்று பொருள். கொய்யாக் கூடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கல்யாணக் குடும்பத்துப் பாப்பா ஒன்று சிரித்தது. நான் சட்டைப் பையிலிருந்து சில்லறை எடுத்து எனக்கு மட்டும் டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.

கோமதியின் கையில் ஒரு வினாத்தாள் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. சட்டப்படி எனக்குச் சொந்தமான பெண்மணி என்னைத் தனக்குச் சொந்தமில்லை என்று பொதுப் பேருந்தில் அறிவித்ததற்குக் காரணம் அந்தத் தாள்தான்.

தேதி இல்லாத அத்தியாயம்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்த நாள், டிவி வந்த நாள், டிவி கெட்டுப்போன நாள், மெக்கானிக் வருகிறேன் என்று சொல்லி வராத நாள் எல்லாம் என்னிடம் உண்டு. சில வாரங்களுக்கு முன் தண்ணீர்த் தொட்டியைப் பற்றி எழுதியபோது, அது வெள்ளிக்கிழமை அல்ல வியாழக்கிழமை என்று ஒரே ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். அந்த வாசகரும் நான்தான் என்று என் மகள் தீபா சந்தேகப்படுகிறாள்.

இந்த அத்தியாயத்தில் மட்டும் தேதி கிடையாது. தன்னைப் பற்றி எழுத கோமதி போட்ட நிபந்தனை அது.

"தேதியப் போட்டீங்கன்னா மொதல்லருந்து படிக்கிறவங்க என் வயசக் கண்டுபிடிச்சிருவாங்க. கல்யாணத் தேதிய ஏற்கெனவே ரெண்டு தடவ எழுதிட்டீங்க."

ஆகவே இப்படிச் சொல்லிவிடுகிறேன். மாதாப்பூர்ப் பக்கம் பாறைகளுக்கு வெடிவைத்துக் கண்ணாடிக் கட்டடங்கள் எழுப்பிக்கொண்டிருந்த காலம். அமீர்பேட்டையில் ஒவ்வொரு மின்கம்பத்திலும் ஏதோ ஒரு கணினி மொழியைக் கற்றுத்தருவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எங்கள் குஷாய்குடா தெருவுக்குக்கூட விடியற்காலையில் வெள்ளை சுமோ ஒன்று வந்து, ஹாரன் அடித்து, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒரு பையனை ஏற்றிக்கொண்டு போகும். அவன் சம்பளத்தைக் கேட்டுவிட்டு அவன் அப்பாவிடம் நாங்கள் மரியாதையாகப் பேச ஆரம்பித்திருந்தோம்.

மிஸ்ஸும் ஆண்ட்டியும்

எங்கள் காலனியை ஒட்டி ஒரு நர்சரிப் பள்ளி இருந்தது. கோமதி அங்கே யூ.கே.ஜி. வகுப்பைப் பல வருடங்களாகப் பார்த்துவந்தாள். அவள் அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரி. ஒன்பதாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். பத்தாம் வகுப்புக்குப் பக்கத்து ஊருக்குப் பேருந்தில் போக வேண்டும் என்பதால் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஹைதராபாத் வந்த பிறகு தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் மூன்றையும் தெருவிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் எடுத்துக்கொண்டாள். மூன்று மொழியிலும் ஐந்து வயதுப் பிள்ளைகளை மிரட்டத் தெரியும். பள்ளிக்கு அது போதுமானதாக இருந்தது.

பிறகு மென்பொருள் கம்பெனிப் பெற்றோர்கள் எங்கள் பக்கமும் குடிவந்தார்கள். பிள்ளையைச் சேர்க்கும்முன், டீச்சர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்டார்கள். பள்ளியின் கரஸ்பாண்டென்ட் அம்மாள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பட்டம் பெற்றவர்களைப் பிள்ளைகள் 'மிஸ்' என்று கூப்பிட வேண்டும். பட்டம் இல்லாதவர்கள் 'ஆண்ட்டி'. ஆண்ட்டிகள் டிபன் டப்பா திறந்து கொடுக்கலாம், மூக்குத் துடைத்துவிடலாம், பாத்ரூம் கூட்டிப்போகலாம். கரும்பலகைப் பக்கம் போகக் கூடாது.

கோமதி மாலையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "இன்னிக்கு நான் ஆண்ட்டி ஆயிட்டேன்."

"பிள்ளைகள் கூப்பிடுகின்றனவா?"

"ஒண்ணுக்கும் வரல. 'ஆண்ட்டி மிஸ்'ங்குதுக. அந்தம்மா திருத்துறாங்க, அதுக மறுபடியும் 'ஆண்ட்டி மிஸ்'ங்குதுக."

நான் உடனே பட்டப்படிப்பு என்ற ஏற்பாடு உலகத்தில் எப்போது தோன்றியது என்பதைப் பற்றிப் படித்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் பீன்ஸை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டாள்.

ஒரு வழி மட்டும் திறந்திருந்தது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் கோமதி ஏதாவது பட்டப்படிப்பில் சேர்ந்திருந்தால் வகுப்பு அவளுக்கே. இல்லாவிட்டால் புதிதாக வந்திருக்கும் பட்டதாரிப் பெண்ணுக்கு. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பள்ளிப்படிப்பு முடிக்காதவர்களும் சேரலாம், ஒரு தகுதித் தேர்வு எழுதித் தேறினால். இந்தச் செய்தியைக் கொண்டுவந்தவர் பக்கத்து வீட்டு ஷாஹீன். அவரும் அவர் கணவரும் எங்கள் தெரு முனையில் எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸும் வைத்திருந்தார்கள். ஷாஹீனும், நம் பிளஸ் டூவுக்குச் சமமான இண்டர்மீடியட்டைப் பாதியில் விட்டவர். அவரே இரண்டு விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டார்.

"தும் பீ லிக்கோ, மை பீ லிக்தூங்" என்றார். நீயும் எழுது, நானும் எழுதுகிறேன்.

தேர்வில் கணக்கும் உண்டு. விகிதமுறு எண்கள், பின்னங்கள், சுருக்குதல். அதைப் பார்த்ததும் கோமதியின் முகம் வாடியது. என் முகம் மலர்ந்தது.

மீதி நாற்பத்தைந்து

என் முகம் ஏன் மலர்ந்தது என்று சொல்ல வேண்டும். நான் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவன். வெளியிலிருந்து வாங்கும் உதிரிபாகங்கள் பெட்டி பெட்டியாக வரும். ஒவ்வொரு பெட்டியிலும் கொஞ்சம் எடுத்துச் சோதிப்போம். ஐம்பதை எடுத்து அதில் பத்து தேறாவிட்டால், அறிக்கையில் 10/50 என்று எழுத வேண்டும். பின்னங்களோடு ஆயுள் முழுக்கக் குடித்தனம் நடத்தியவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் 10/50 என்று எழுதவில்லை. பள்ளியில் படித்த புத்தியில் 1/5 என்று எழுதினேன். அழகாக, சுருக்கமாக. மேலதிகாரி ராவ் சார் அதை வாங்கிப் பார்த்தார். பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

"என்ன சார் தேடுகிறீர்கள்?"

"மிகதா நலபையைது எக்கட பொய்னாயி, பாபு?"

மீதி நாற்பத்தைந்து எங்கே போயிற்று என்கிறார். பிரிவே சிரித்தது.

அவர் சொன்னது நியாயம். 1/5 என்றால் ஐந்தே ஐந்தை எடுத்துப் பார்த்திருக்கிறான், அதில் ஒன்று கெட்டது என்று அர்த்தம். ஐந்தைப் பார்த்தவன் சோம்பேறி. ஐம்பதைப் பார்த்தவன் ஊழியன். எங்கள் பிரிவில் பின்னத்தைச் சுருக்குவது, செய்த வேலையை அழிப்பதற்குச் சமம்.

ஒருமுறை சோதிக்க வேண்டிய பெட்டி வந்து சேராத வாரத்தில், ஒரு குமாஸ்தா கடமை தவறாமல் 0/0 என்று எழுதி அனுப்பினார். ராவ் சார் அதை நெடுநேரம் பார்த்தார். "இது பரிசோதனை இல்லை, வேதாந்தம்" என்று திருப்பிக் கொடுத்தார். கீழே பூஜ்யம் வரக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

அன்றிலிருந்து நான் எதையும் சுருக்கியதில்லை. தீபா பள்ளியிலிருந்து வந்து தொண்ணூறு சதவீதம் என்று குதித்தால், "எத்தனைக்கு எத்தனை?" என்பேன். ஒருநாள் சாப்பிடும்போது, பன்னிரண்டு சப்பாத்தியில் மூன்று கருகியிருப்பதாகக் கோமதியிடம் தெரிவித்தேன். "நாலுல ஒண்ணுன்னு சொன்னாக் கொறஞ்சா போயிரும்?" என்று கேட்டாள். குறையும் என்று விளக்கினேன். அன்றைக்குச் சப்பாத்தி குறைந்தது.

வாத்தியார் வருகிறார்

முதல் பாடத்தை நான் ஒரு வாரம் தயாரித்தேன். பின்னம் என்பது நமக்குப் புதிதல்ல என்று தொடங்கினேன். அரைக்கால், மாகாணி, காணி என்று இறங்கி, முன்னூற்றிருபதில் ஒரு பங்குக்கு முந்திரி என்று பெயர் வைத்திருந்தவர்கள் நாம் என்று முடித்தபோது எனக்கே கண் கலங்கியது.

கோமதி பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"பரிச்சையில முந்திரி வருமா?"

"வராது."

"அப்ப அத மூடிட்டு கைடத் தொறங்க."

கைடில் முதல் கணக்கு கூட்டல். பன்னிரண்டில் ஐந்தும் மூன்றில் ஒன்றும். 5/12, 1/3. கீழே இருப்பதைக் கீழே இருப்பதால் பெருக்கச் சொன்னேன். முப்பத்தாறு. மேலே பதினைந்தும் பன்னிரண்டும். இருபத்தேழு. ஆக 27/36. அவள் பட்டென்று போட்டுவிட்டாள். ஒன்பதாம் வகுப்பு எங்கும் போய்விடவில்லை, உள்ளேயேதான் இருந்திருக்கிறது.

பிறகு அவள் பென்சில் இருபத்தேழின் தலைமேல் ஒரு கோடு இழுக்கப் போனது. "மூணாம் வாய்ப்பாட்டுல அடிபடும்ல?"

நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன். வாக்கிய அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே மணிக்கட்டைப் பிடித்தேன்.

"அடிக்காதே. அதுதான் விடை. முப்பத்தாறில் இருபத்தேழு. நீ எப்படி அங்கே வந்து சேர்ந்தாய் என்பது அதில் இருக்கிறது. அடித்தால் போய்விடும்."

"எங்க கனகவல்லி டீச்சர் அடிக்கச் சொல்வாங்க."

"கனகவல்லி டீச்சர் தொழிற்சாலையில் வேலை பார்த்ததில்லை."

ராவ் சார் கதையைச் சொன்னேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு பல வாரங்கள் பாடம் நடந்தது. அவள் கூட்டினாள், கழித்தாள், பெருக்கினாள், தலைகீழாக்கி வகுத்தாள். ஒரு பின்னத்தைக்கூட அடிக்கவில்லை. விடைகள் 84/112 என்றும் 90/225 என்றும் யானை யானையாக நின்றன. நான் ஒவ்வொன்றுக்கும் சிவப்பு மையில் சரி போட்டேன். கைடின் கடைசிப் பக்கத்து விடைகளை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. பரிசோதகனுக்கு இன்னொரு பரிசோதகன் எதற்கு?

இவற்றில் எதுவுமில்லை

தேர்வுக்குச் சில வாரம் முன்பு குகட்பள்ளியில் ஒரு வீட்டு மாடியில் மாதிரித் தேர்வு வைத்தார்கள். ஷாஹீனுக்குக் காய்ச்சல் என்பதால் கோமதி மட்டும் எழுதப் போனாள், துணைக்கு நான். ஒவ்வொரு கேள்விக்கும் நான்கு விடைகள் கொடுத்திருப்பார்கள். சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் அதைப் பற்றி நான் ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை.

முதல் கணக்கு, கைடில் இருந்த அதே கணக்கு. 5/12, 1/3 இரண்டையும் கூட்டு. கோமதி ஓரத்தில் போட்டுப் பார்த்தாள். 27/36. கொடுத்திருந்த விடைகளைப் பார்த்தாள். 3/4. 6/15. 5/36. கடைசியில், 'இவற்றில் எதுவுமில்லை'.

அவள் மறுபடியும் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் 27/36. கணவன் சிவப்பு மையில் சரி போட்ட விடை. மூன்றிலும் அது இல்லை. எதுவுமில்லை என்பதற்கு நேராகக் குறியிட்டாள்.

அடுத்ததும் எதுவுமில்லை. அதற்கடுத்ததும். பின்னம் வந்த இடமெல்லாம் எதுவுமில்லை.

தாளைத் திருத்திய இளைஞர் கோமதி ஓரத்தில் போட்டிருந்த கணக்குகளைப் பார்த்துவிட்டு அவளை வெளியே கூப்பிட்டார். "அம்மா, மீக்கு அன்னீ வச்சு. மரி அன்னிட்டிக்கீ 'நன்' எந்துக்கு பெட்டாரு?" உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறதே, எல்லாவற்றுக்கும் ஏன் 'எதுவுமில்லை' போட்டீர்கள்?

கோமதி என்னைப் பார்த்தாள். நான் சுவரில் ஒட்டியிருந்த கட்டண விவரத்தை ஆழ்ந்து படித்துக்கொண்டிருந்தேன்.

அங்கிருந்து கிளம்பிய பேருந்தில்தான் அந்தக் கண்டக்டர் வந்து, என்னை யாருடைய மனிதன் என்று விசாரித்தார்.

ஒரே ஆளுக்கு இத்தனை பேர்

வீட்டுக்கு வந்ததும் கோமதி முகம் கழுவிவிட்டு வந்து, வினாத்தாளைச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்தாள். அது சுருண்டுகொண்டே இருந்தது. ஒரு பக்கம் ஊறுகாய் ஜாடியையும் மறுபக்கம் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் வைத்தாள்.

"இருபத்தேழு பை முப்பத்தாறும் முக்காலும் ஒண்ணா, வேறயா?"

"மதிப்பு ஒன்றுதான். ஆனால்..."

"ஆனாவ விடுங்க. ஒண்ணா, வேறயா?"

"ஒன்று."

"ஒரே ஆளுக்கு எதுக்குங்க இம்புட்டுப் பேரு?"

நான் ராவ் சாரையும் நாற்பத்தைந்தையும் மறுபடி அழைத்தேன். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அங்க அம்பதைப் பாத்தீங்க, அதனால அம்பதுன்னு எழுதுனீங்க. சரி. இங்க யாரு எதைப் பாத்தா? பெட்டி இருக்கா, சாமான் இருக்கா? வெறும் நம்பரு. முக்கால்னா முக்கால்."

இண்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்த தீபா உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "அப்பா, வதிலேய்!" விட்டுவிடு என்பது தெலுங்கு. எங்கள் வீட்டில் தமிழில் கேட்டால் தெலுங்கில்தான் பதில் வரும்.

அன்று அந்த மேஜையில் எனக்கு ஒன்று புரிந்தது. சோதனை அறிக்கையில் நான் எழுதிய 10/50 நடந்ததைச் சொல்லும் ஒரு செய்தி. கணக்குப் புத்தகத்தில் அது ஓர் எண். அந்த எண்ணுக்கு 1/5 என்றும், 2/10 என்றும், 200/1000 என்றும் முடிவில்லாமல் சட்டைகள் உண்டு. எந்தச் சட்டையில் வந்தாலும் ஆள் ஒருவன்தான். தேர்வுக்காரர்கள் அவனை மிகச் சின்ன சட்டையில் பார்க்க விரும்புகிறார்கள், எல்லோரும் அடையாளம் காண்பதற்காக. எந்த வழியாக வந்தோம் என்பதை விகிதமுறு எண் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. நினைவில் வைத்துக்கொள்வதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு அது கொஞ்சம் மரியாதைக் குறைவாகப் பட்டது. ஆனால் எண்ணிடம் போய்ச் சண்டை போட முடியாது. கோமதியிடமும்.

"நாளைலருந்து நீங்க சொல்லித்தர வேண்டாம்" என்றாள். "நம்பர மட்டும் சொல்லுங்க. அடிக்கிறது என் வேல."

ஷாஹீனின் கத்தரி

இப்படியாக நான் வாத்தியார் பதவியிலிருந்து பின்னம் சொல்லும் பதவிக்கு இறங்கினேன். மாலையில் ஷாஹீனும் வந்துவிடுவார். நான் ஏதாவது ஒரு பின்னத்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் இருவரும் அடிப்பார்கள். இரண்டாம் வாய்ப்பாட்டில், மூன்றாம் வாய்ப்பாட்டில், ஐந்தாம் வாய்ப்பாட்டில், இனி அடிபடாது என்கிற வரைக்கும். பென்சில் குறுக்கே ஓடும் ஒவ்வொரு முறையும் மேஜைக்கடியில் ராவ் சார் எதையோ தேடுவதுபோல இருக்கும் எனக்கு.

ஆரம்பத்தில் அதிலும் ஒரு குழப்பம். 'நாலுல மூணு' என்று நான் தமிழ் முறையில் கீழே இருப்பதை முதலில் சொல்வேன். 'தீன் பட்டா சார்', அதாவது மூணு பை நாலு என்று மேலே இருப்பதை முதலில் சொல்லிப் பழகிய ஷாஹீன், அதைத் தலைகீழாக எழுதிக்கொள்வார். அதன்பின் நான் தாளில் எழுதியே காட்டினேன்.

ஒருநாள் கைடில் 16/64 வந்தது. ஷாஹீன் மேலே இருந்த ஆறையும் கீழே இருந்த ஆறையும் ஒரே இழுப்பில் அடித்தார். "சே சே கட். ஏக் பட்டா சார்." ஆறுக்கு ஆறு போயிற்று, நான்கில் ஒன்று என்கிறார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "அப்படியெல்லாம் இலக்கத்தை அடிக்கக் கூடாது!"

"ஜவாப் சஹீ ஹை கி நை?" விடை சரியா, இல்லையா?

கோமதி கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். நான்கில் ஒன்று. விடை சரி.

"பிர் கைக்கு குஸ்ஸா, பாய்ஜான்?" பிறகு எதற்குக் கோபம் என்கிறார் ஷாஹீன்.

"இது தற்செயல். இதோ, இன்னொன்று எழுதுகிறேன். இதை அப்படி அடித்துப் பாருங்கள், தப்பாகத்தான் வரும்." சட்டென்று நினைவில் தோன்றிய ஒன்றை எழுதினேன். 19/95.

ஷாஹீன் ஒன்பதை ஒன்பதால் அடித்தார். ஐந்தில் ஒன்று. நான் மனதுக்குள் பெருக்கினேன். பத்தொன்பது ஐந்து தொண்ணூற்றைந்து. சரியாக இருந்தது.

காது சூடாயிற்று. "இன்னொன்று" என்று 26/65 எழுதினேன். ஆறை ஆறால் அடித்தார். ஐந்தில் இரண்டு. பதின்மூன்றாம் வாய்ப்பாட்டில் சோதித்தேன். அதுவும் சரி.

பேருந்துக்குப் பிறகு கோமதி முதல்முறையாகச் சிரித்தது அன்றைக்குத்தான். மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

"அவுர் ஏக் போலோ, பாய்ஜான்" என்றார் ஷாஹீன், பென்சிலை ஓங்கிக்கொண்டு. எனக்கு இன்னொன்று எழுத பயமாக இருந்தது.

பல வருடம் கழித்து ஒரு நூலகத்தில் விஷயத்தைக் கண்டுபிடித்தேன். இரட்டை இலக்கங்களில் இப்படித் தப்பாக அடித்தும் சரியாக வரும் பின்னங்கள் நான்கே நான்குதான் உண்டு. இளமையில் எங்கேயோ படித்திருக்கிறேன். எண்கள் நினைவில் நின்றுவிட்டன, எதற்காக என்பது மறந்துவிட்டது. நிறையப் படிப்பதன் பயன் இது. நான்காவது 49/98. அது அன்றைக்கு நினைவுக்கு வராததைக் கடவுள் அருள் என்று நினைக்கிறேன்.

விவகாரத்தைத் தீர்த்தவள் கோமதி. சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளில் 12/24 எழுதினாள். ஷாஹீன் இரண்டை இரண்டால் அடித்தார். நான்கில் ஒன்று.

"பாரா, சௌபீஸ்கா ஆதா நை க்யா?" பன்னிரண்டு, இருபத்துநான்கில் பாதியல்லவா?

ஷாஹீன் தாளைப் பார்த்தார். "ஹவ்..." என்றார், ஆமாம் என்று. பிறகு பென்சிலைக் கீழே வைத்தார். "நக்கோ மா. யே தரீக்கா நக்கோ." இந்த வழி வேண்டவே வேண்டாம்.

மேலேயும் கீழேயும் ஒரே எண்ணால் வகுக்க வேண்டும், இலக்கத்தைக் கத்தரிக்கக் கூடாது என்று கோமதி அவருக்குத் தன் மூன்று மொழியையும் கலந்து சொன்னாள். ஷாஹீன் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான் காபி போடப் போனேன். யாரும் தடுக்கவில்லை.

வாசலில் கணவர்கள்

தேர்வு நடந்த கல்லூரியின் வாசலில், ஒரு வேப்பமரத்தடியில் கணவர்கள் காத்திருந்தோம். என் பக்கத்தில் நின்றவர் தண்ணீர்ப் பாட்டிலும் பிஸ்கட்டும் வைத்திருந்தார். "உங்கள் பெண்ணா எழுதுகிறாள்?" என்று கேட்டார். மனைவி என்றேன். "எனக்கும் மனைவிதான்" என்றார். பிஸ்கட்டை என்னிடம் நீட்டினார். பயம் ஒன்றாக இருக்கும்போது பிஸ்கட்டும் பொது.

கோமதி வெளியே வந்தாள். நான் எதையும் கேட்கக் கூடாது என்று தீபாவிடம் சத்தியம் செய்திருந்தேன். ஆகவே முகத்தால் மட்டும் கேட்டேன்.

"எல்லாக் கணக்குக்கும் விடை குடுத்திருந்தாங்க" என்றாள்.

"அப்பாடா."

"ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் எதுவுமில்லன்னு போட்டேன்."

கல்லூரிச் சுவரில் கட்டண விவரம் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன்.

"பயப்படாதீங்க. அது நெசமாவே எதுவுமில்ல."

ஷாஹீன் அவள் பின்னாலேயே வந்தார். இருவரும் ஒரு கரும்பு ஜூஸ் வண்டியை நோக்கி நடந்தார்கள். நானும் கொஞ்சம் இடைவெளி விட்டு நடந்தேன்.

ஜூன்

முடிவு இணையத்தில் வந்தது. எங்கள் வீட்டில் அப்போது கணினி இல்லை. குஷாய்குடா முக்கிலிருந்த இண்டர்நெட் கடையில் பிளைவுட் தடுப்புக்குள் நானும் கோமதியும் ஒரு நாற்காலிக்குப் பின்னால் நின்றோம். உட்கார்ந்திருந்தவள் தீபா. பக்கம் மேலிருந்து கீழே வரி வரியாக இறங்கியது. தேறியவர்களின் எண்கள் மட்டும். முதலில் ஷாஹீனின் எண் வந்தது. பிறகு நெடுநேரம் மற்றவர்களின் எண்கள்.

கோமதி திரையில் விரலை வைத்தாள். கண்ணாடி அழுக்காகும் என்று கடைக்காரர் சொல்வதற்குள் தீபா அவளைக் கட்டிக்கொண்டு தெலுங்கில் கத்தினாள்.

"மதிப்பெண் எங்கே?" என்று நான் கேட்டேன். "எத்தனைக்கு எத்தனை?"

"போடல" என்றாள் கோமதி.

"அது எப்படி? பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்கலாம். அலுவலகத்தில் நிச்சயம்..."

"பாஸுங்க" என்றாள். விரலை இன்னும் எடுக்கவில்லை. "தீபா, மேல போயி மறுபடியும் கீழ வா. இன்னொருக்கப் பாக்கணும்."

பட்டப்படிப்பில் சேர்ந்த ரசீதோடு பள்ளி திறந்த அன்று கோமதியை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். கரஸ்பாண்டென்ட் அம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாரா என்பது தெரியாது. பட்டம் வாங்க வருடங்கள் ஆகும், அதுவரை ஆண்ட்டியாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிடலாம். வாசலில் நின்றுகொண்டு, அப்படிச் சொன்னால் உள்ளே போய் என்ன பேச வேண்டும் என்று ஒரு சொற்பொழிவு தயார் செய்தேன். அலுவலக அறையின் கதவு சாத்தியிருந்தது. யூ.கே.ஜி. வகுப்பிலிருந்து முதல் நாள் அழுகைகள் கலவையாகக் கேட்டன. புதிதாக வந்த பட்டதாரிப் பெண் வராந்தாவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், அவருக்கும் எதுவும் தெரியவில்லை போலிருந்தது.

கோமதி வெளியே வந்தாள். கேட் வரைக்கும் வரவில்லை. படியிலேயே நின்றாள்.

"என்ன சொன்னார்? யார் யார் இருந்தார்கள்? எழுதிக் கொடுத்தாரா? எதுவரைக்கும்?"

"கிளாஸ் இருக்கு. நீங்க போங்க."

திரும்பிப் போய்விட்டாள். நான் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தபோது அழுகைகளுக்கு மேலே அவள் குரல் தெலுங்கில் எழும்பியது. பெஞ்சின்மேல் ஏறி நின்ற யாரையோ கீழே இறங்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ரேய், பெஞ்சி மீத எக்கொத்து! கிந்தக்கி திகு! போர்டு வைப்பு சூடு!"

கரும்பலகையைப் பார் என்கிறாள்.